காந்தி குடித்த ஆட்டுப்பால்: காய்ச்சினா, கொழுப்பு எடுத்தா சத்து போயிடுமா?

ஈசிஆரில் மரக்காணம் உப்பளங்களைத் தாண்டும்போது, 1930-ல் தண்டியில் உப்பு அள்ளிய காந்தி பலருக்கும் நினைவுக்கு வருவார். உப்பைப் போலவே அவர் பேரோடு ஒட்டிக்கொண்ட இன்னொன்று வெள்ளாட்டுப் பால். ஆனால், அது அவர் விரும்பித் தேர்ந்தெடுத்த உணவு இல்லை.

பாலை ஏன் விட்டார்?

1869-ல் பிறந்த காந்தி, தென்னாப்பிரிக்காவின் டால்ஸ்டாய் பண்ணையில் இருந்தபோது, 1912-ல் நண்பர் காலன்பாக்குடன் சேர்ந்து பாலை விட்டார். கறவை மாடுகளுக்கு நடக்கும் கொடுமை அதற்கு ஒரு காரணம். பிறகு அதுவே விரதமானது.

1918-ல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் ராணுவத்துக்கு ஆள் சேர்க்க அலைந்தபோது கடும் வயிற்றுக்கடுப்பு வந்தது. ஆள் துரும்பா இளைச்சுட்டார். பால் குடிக்காமல் உடம்பு தேறாது என்றார் பம்பாய் டாக்டர் தலால். விரதம் எடுத்தபோது மனசில் இருந்தது பசுவும் எருமையும்தானே, ஆட்டுப்பால் குடிக்கலாமே என்று வழி சொன்னவர் கஸ்தூர்பா. காந்தி இறங்கி வந்தார். விரதத்தின் வார்த்தையைக் காப்பாற்றி, அதன் உயிரை விட்டுவிட்டோமே என்ற உறுத்தல் மட்டும் அவரை விடவில்லை.

கொழுப்பு எடுத்தால்?

1942-ல் புனே ஆகா கான் மாளிகைச் சிறையில் உடல்நலம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். கொழுப்பு நீக்கிய பாலை மட்டமாக நினைக்க வேண்டாம், உடம்பை வளர்க்கும் புரதம் அதில் அப்படியே இருக்கும் என்பது அவர் கருத்து. அது சரிதான். கால்சியமும் தங்கும். ஆனால், கொழுப்போடு சேர்ந்து வைட்டமின் ஏ, டி போயிடும்.

காய்ச்சினால்?

புரதமும் கால்சியமும் பெரிதாகக் குறையாது. வைட்டமின் சி, பி1, பி12, ஃபோலேட் ஓரளவு குறையும். ஆட்டுப்பாலில் ஃபோலேட் ஏற்கெனவே பசும்பாலைவிட ரொம்பக் கம்மி. அதையே முழு உணவாகக் குடித்த கைக்குழந்தைகளுக்கு ரத்தசோகை வந்திருக்கிறது. அதனால் ஒரு வயசு ஆகும்வரை தாய்ப்பாலுக்குப் பதிலாக இதைக் கொடுக்கக் கூடாது. கீரை, பயறு சாப்பிடும் பெரியவர்களுக்கு இந்த இழப்பு பெரிய விஷயமில்லை.

அப்போ பச்சையாகவே குடிக்கலாமா?

வேண்டாம். புரூசெல்லோசிஸ் என்ற காய்ச்சல் காய்ச்சாத ஆட்டுப்பால் வழியாகப் பரவும். மரக்காணம் போன்ற கடலோர வெக்கையில் கறந்த பால் சீக்கிரம் கெட்டும் போகும். ஒருமுறை நன்றாகப் பொங்கவிட்டு இறக்கினால் போதும். திரும்பத் திரும்பச் சுடவைத்தால்தான் வைட்டமின் இழப்பு கூடும்.

பாலுக்கு ஈடான தாவர உணவைக் காந்தி கடைசிவரை தேடினார்; கிடைக்கவில்லை. 1948 ஜனவரி 30-ல் கொல்லப்படும்வரை ஆட்டுப்பால்தான். பாலில் இருப்பதும், தாவர உணவில் இயல்பாகக் கிடைக்காததுமான வைட்டமின் பி12-ஐ விஞ்ஞானிகள் முதன்முதலில் பிரித்தெடுத்ததும் அதே 1948-ல்தான். இன்று பி12 சேர்த்த சோயா பால் கடையிலேயே கிடைக்கிறது.