தினமும் படித்தால் வேகம் வருமா?



போன வருஷம் வகுப்பில் என்னை எழுப்பி ஒரு பத்தி வாசிக்கச் சொன்னார்கள். நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிச்சேன். பின்னாடி இருந்து சிரிச்சாங்க. அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரலை. தினமும் படிச்சா வேகம் வருமா, இல்லை அது பிறவியிலேயே வரணுமா? இதற்கு விடை நம்ம திருச்சுழியில் பிறந்த ஒருவரின் வாழ்க்கையில் கிடைத்தது.

அவர்தான் ரமண மகரிஷி. 1879 டிசம்பர் 30-ஆம் தேதி பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் வேங்கடராமன். அப்பா சுந்தரமய்யர் வக்கீல், அம்மா அழகம்மாள். திருச்சுழியிலும் திண்டுக்கல்லிலும் படித்தார். 1892-ல் அப்பா இறந்ததும் மதுரையில் சித்தப்பா வீட்டுக்குப் போனார்.

அவர் விழுந்து விழுந்து படிக்கிற பிள்ளை இல்லை. ஞாபகசக்தி அதிகம். ஆனால் மனசெல்லாம் விளையாட்டில்தான். பாடப் புத்தகம் தாண்டி அவர் மனதைப் பிடித்த நூல் பெரியபுராணம். 1896-ல் ஆங்கில இலக்கணம் படிக்காததற்கு மூன்று தடவை எழுதச் சொல்லித் தண்டனை கிடைத்தது. இரண்டு தடவை எழுதியவர் நோட்டை மூடிவிட்டு வீட்டை விட்டே கிளம்பினார். செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார்.

நான் சொல்ல வந்தது அதுக்கு அப்புறம் நடந்தது. அங்கே பழனிசுவாமி என்ற அன்பர் அவரைக் கவனித்துக்கொண்டார். அவருக்குத் தாய்மொழி மலையாளம். தமிழ் வேதாந்த நூல்களை இரவல் வாங்கி வந்து திக்கித் திக்கிப் படிப்பார். இதைப் பார்த்து இரக்கப்பட்ட ரமணர், புத்தகத்தைத் தானே வாங்கி மளமளன்னு படித்து, சாரத்தை அவருக்கு எடுத்துச் சொன்னார்.

பழனிசுவாமி மந்தமானவரா? இல்லவே இல்லை. தமிழ் எழுத்து அவர் கண்ணுக்குப் பழகவில்லை, அவ்வளவுதான். ரமணர் கண்ணுக்கோ சின்ன வயசிலிருந்தே பழகிய எழுத்து.

நாம படிக்கும்போது கண் வரி மேல வழுக்கிக்கொண்டு போவதில்லை. தாவித் தாவி நிற்கிறது. பழகாத சொல் வந்தால் அதிக நேரம் நிற்கும், திரும்பியும் பார்க்கும். பழகிய சொல்லை ஒரே பார்வையில் பிடித்துவிடும். திரும்பத் திரும்பப் படித்தால் பழகிய சொற்கள் கூடும். வேகம் அப்படித்தான் வருகிறது.

ரமணர் அதோடு நிற்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகாமலே மலையாளம், தெலுங்கு, சமஸ்கிருதம் படிக்கப் பழகினார். தமிழில் தான் எழுதிய உபதேச உந்தியாரை அந்த மூன்று மொழியிலும் அவரே எழுதினார். தண்டனைப் பாடத்தைப் பாதியில் விட்ட அதே பிள்ளைதான்!

இன்னொன்றும் கவனித்தேன். ஆசிரமப் புத்தகங்களின் அச்சுப் பிழையை அவரே திருத்துவார். அந்த வேலைக்கு ஒவ்வொரு எழுத்தாகத்தான் பார்க்கணும். அதனால் வேகம் மட்டும் போதாது. எங்கே ஓடணும், எங்கே நிற்கணும்னு தெரியணும். 1950 ஏப்ரல் 14-ஆம் தேதி அவர் காலமானார்.

இதைப் படிச்ச பிறகு நானும் தினமும் சாயங்காலம் கால் மணி நேரம் அப்பத்தாவுக்குப் பேப்பர் வாசிச்சுக் காட்டுறேன். அதுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முதல்ல ஒரு செய்தியை நான் முடிக்கிறதுக்குள்ள அப்பத்தா தூங்கிரும். இப்போ மூணு செய்தி வாசிச்சாலும் முழிச்சிருந்து கேள்வி கேட்குது. அறிவியல் பாடத்தில் இன்னமும் திக்கத்தான் செய்றேன். அந்தச் சொற்கள் இன்னும் பழகலை. பழகிரும்.

அதனால நண்பர்களே, யாராவது எழுத்துக் கூட்டி வாசிச்சா சிரிக்காதீங்க. பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து வாசிங்க.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி