பொறுப்பை ஏற்ற தலைவர் லால் பகதூர் சாஸ்திரி

இந்தியாவின் 2-வது பிரதமரான லால் பகதூர் சாஸ்திரி, 1904 அக்டோபர் 2-ஆம் தேதி முகல்சராயில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்த அவர், தாய்வழி உறவினர் ஆதரவில் வளர்ந்தார். காசி வித்யாபீடத்தில் பயின்று பெற்ற 'சாஸ்திரி' பட்டமே அவரது பெயராக நிலைத்தது. விடுதலைப் போராட்டத்தில் பலமுறை சிறை சென்றார்.

1956 நவம்பரில் அரியலூர் அருகே விரைவு ரயில் மருதையாற்றில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்போது ரயில்வே அமைச்சராக இருந்த சாஸ்திரி, தார்மீகப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார்.

நேருவின் மறைவுக்குப் பின் 1964 ஜூன் 9-ஆம் தேதி பிரதமராகப் பொறுப்பேற்றார். அதே ஆண்டு அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவுடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். அதன்படி நாடற்றிருந்த மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க முடிவானது. அம்மக்களின் விருப்பத்தைக் கேளாமல் எடுக்கப்பட்ட முடிவு என்ற விமர்சனம் இன்றும் தொடர்கிறது.

1965-இல் தமிழகத்தில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் தீவிரமடைந்தபோது, ஆட்சிமொழியாக ஆங்கிலம் தொடரும் என வானொலி உரையில் உறுதியளித்தார். அவ்வாண்டே பாகிஸ்தானுடன் போர் மூண்டது. உணவுத் தட்டுப்பாட்டுக்கிடையே போர்வீரரையும் உழவரையும் ஒருசேரப் போற்றும் முழக்கத்தை நாட்டுக்கு அளித்தார்.

1966 ஜனவரி 10-ஆம் தேதி தாஷ்கண்ட் உடன்பாட்டில் கையெழுத்திட்டார். போரில் கைப்பற்றிய ஹாஜி பீர் கணவாயைத் திருப்பித் தர அது வழிவகுத்ததால் உள்நாட்டில் அதிருப்தி எழுந்தது. அதற்கு விளக்கமளிக்க அவர் நாடு திரும்பவில்லை; மறுநாள் அதிகாலை அங்கேயே காலமானார். மறைவுக்குப் பின் அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது.