ருஸ்தம் ஜல் வக்கீல்

ருஸ்தம் ஜல் வக்கீல் (1911–1974) மும்பையைச் சேர்ந்த இதயநோய் மருத்துவர் ஆவார். சர்ப்பகந்தா என்னும் மூலிகையின் வேர் உயர் இரத்த அழுத்தத்தைத் தணிக்கும் என்பதை முறையான ஆய்வின் மூலம் உலக மருத்துவர்களுக்கு எடுத்துக்காட்டியவர். இவ்வேரிலிருந்து பின்னர் பிரித்தெடுக்கப்பட்ட ரெசெர்ப்பின் என்னும் வேதிப்பொருள், மூளையின் நரம்பியக்கடத்திகளையும் பார்க்கின்சன் நோயையும் (நடுக்குவாதம்) புரிந்துகொள்ள வழிவகுத்தது.

வாழ்க்கை

பார்சிக் குடும்பத்தில் பிறந்த வக்கீல், இலண்டனில் மருத்துவம் பயின்று நாடு திரும்பினார். மும்பையிலுள்ள கிங் எட்வர்டு நினைவு மருத்துவமனையில் பணியாற்றினார். ஆஸ்பி கோல்வாலாவுடன் இணைந்து இவர் எழுதிய நோயறிதல் பாடநூல் இந்திய மருத்துவ மாணவர்களிடையே பரவலாகப் பயன்பட்டது.

இவர் மருத்துவத் தொழிலைத் தொடங்கிய காலத்தில் உயர் இரத்த அழுத்தத்திற்கு நம்பகமான மருந்து இல்லை. உப்பைக் குறைத்த கடும் உணவுக் கட்டுப்பாடும், நரம்புகளை வெட்டும் அறுவை மருத்துவமும் கையாளப்பட்டன. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூசவெல்ட்டும் கடும் இரத்த அழுத்தத்தால் அவதியுற்று, 1945இல் மூளை இரத்தக்கசிவால் இறந்தார்.

சர்ப்பகந்தா

சர்ப்பகந்தா (ரவுல்ஃபியா செர்பென்டினா) ஒரு குறுஞ்செடி. இமயமலை அடிவாரத்திலும், தாமிரபரணி ஆறு தோன்றும் பொதிகை மலை உள்ளிட்ட மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வளர்கிறது. பாம்புக்கடி, தூக்கமின்மை, மனநோய் ஆகியவற்றுக்கு இதன் வேர் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது.

1931இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போசு ஆகியோர் இவ்வேர் மனநோயிலும் உயர் இரத்த அழுத்தத்திலும் பயன் தருவதை வெளியிட்டனர். ஏறத்தாழ அதே காலத்தில் தில்லியில் சலீமுசமான் சித்திக்கியும் ரஃபத் உசைன் சித்திக்கியும் வேரிலிருந்து அஜ்மலின் முதலிய காரப்போலிகளைப் பிரித்தனர். எனினும் இச்செய்திகள் மேலை நாடுகளில் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை.

1949ஆம் ஆண்டு ஆய்வு

உயர் இரத்த அழுத்தம் கொண்ட 50 நோயாளிகளுக்கு வக்கீல் சர்ப்பகந்தா மாத்திரைகளை அளித்து, அழுத்த அளவுகளைத் தொடர்ந்து பதிவு செய்தார். பெரும்பாலானோரிடம் அழுத்தம் குறைந்தது. இம்முடிவுகள் 1949இல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல் இதழில் வெளியாயின. இதன் பின்னரே பாஸ்டன் நகரில் ராபர்ட் வில்கின்சு இம்மருந்தை ஆய்ந்தார். மேலை நாடுகளில் இதன் பயன்பாடு பரவியது.

ரெசெர்ப்பினும் மூளையும்

1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன வேதியியலாளர்கள் வேரின் முதன்மைச் செயற்பொருளான ரெசெர்ப்பினைப் பிரித்தெடுத்தனர். 1954இல் நேதன் கிளைன் அதை மனநோயாளிகளுக்குப் பயன்படுத்தி வெற்றி கண்டார். ஆனால் மருந்து உட்கொண்ட சிலரிடம் பார்க்கின்சன் நோயை ஒத்த நடுக்கமும் உடல் இறுக்கமும் தோன்றின. இத்தீய விளைவே ஆய்வாளர்களுக்குத் துப்பாக அமைந்தது.

நரம்பணுக்கள் நரம்பியக்கடத்திகளை நுண்ணிய பைகளில் சேமித்து வைக்கின்றன. ரெசெர்ப்பின் இச்சேமிப்பைத் தடுப்பதால் இருப்பு தீர்ந்துபோகிறது. மூளையில் செரோடோனின் இவ்வாறு குறைவதை 1955இல் பெர்னார்டு புரோடி குழுவினர் கண்டனர். 1957இல் சுவீடனின் ஆர்விட் கார்ல்சன், ரெசெர்ப்பினால் அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு எல்-டோப்பா செலுத்தியபோது அவை மீண்டும் இயங்கின. எல்-டோப்பா மூளையில் டோப்பமினாக மாறும் பொருளாகும்.

1960இல் எரிங்கர், ஹார்னிகீவிச் ஆகியோர் வியன்னாவில், பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையில் டோப்பமின் மிகவும் குறைந்திருப்பதை நிறுவினர். 1961இல் நோயாளிகளுக்கு எல்-டோப்பா ஊசி மூலம் அளிக்கப்பட்டது. 1967இல் ஜார்ஜ் கோட்சியாசு வாய்வழியாகப் படிப்படியாக அளவைக் கூட்டிக் கொடுக்கும் முறையை வகுத்தார். கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இவ்வரலாற்றில் தமிழகத்திற்கும் ஓர் இடமுண்டு. 1937இலேயே சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரன், ராமசாமி ஆகியோர் பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோப்பாவைப் பிரித்தெடுத்திருந்தனர். அப்போது அதன் மருத்துவப் பயன் அறியப்படவில்லை.

விருதுகள்

- லாஸ்கர் விருது (1957)
- பத்ம பூசண் (1958)
- சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசு (1965)

மதிப்பீடு

சர்ப்பகந்தாவின் பண்பை முதலில் அறிந்தவர் வக்கீல் அல்லர். மூளை வேதியியலும் அவரது துறையன்று. மரபு வழியில் அறியப்பட்ட ஒரு வேரை, எவரும் மீண்டும் சோதித்துப் பார்க்கக்கூடிய எண்களாக மாற்றிக் காட்டியதே அவரது பங்களிப்பு. புதிய மருந்துகள் வந்தபின் ரெசெர்ப்பினின் பயன்பாடு மிகவும் குறைந்துவிட்டது. எனினும் அதைப் போலவே செயற்படும் டெட்ராபெனசின், ஹண்டிங்டன் நோயின் கட்டுக்கடங்கா அசைவுகளைத் தணிக்கப் பயன்படுகிறது. மருந்துத் தேவைக்காகக் காடுகளில் மிகுதியாகத் தோண்டப்பட்டதால் சர்ப்பகந்தாவின் பன்னாட்டு வணிகம் சைட்டிஸ் உடன்படிக்கையின்கீழ்க் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது.