ஜான் மன்னரும் மகா சாசனமும்

இங்கிலாந்தை ஆண்ட மன்னர்களில் ஜான் என்ற பெயர் உடையவர் ஒருவர்தான். அவருக்குப் பின் எந்த மன்னரும் அந்தப் பெயரில் முடிசூடவில்லை. ஆனால் மக்கள் உரிமை பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் பெயரும் கூடவே வந்து விடுகிறது.

இரண்டாம் ஹென்றி மன்னரின் கடைசி மகன் ஜான். அண்ணன்மார்களுக்குச் சீமைகளைப் பங்கு வைத்தபோது கடைக்குட்டிக்கு எதுவும் மிஞ்சவில்லை. 'நிலமில்லாதவர்' என்ற பட்டப்பெயர் வந்தது. அண்ணன் ரிச்சர்டு சிலுவைப் போரிலிருந்து திரும்பும் வழியில் சிறைப்பட்டார். அந்தச் சமயம் பார்த்து ஆட்சியைப் பிடிக்க முயன்றார் ஜான். ரிச்சர்டு 1194-ல் திரும்பி வந்து தம்பியை மன்னித்தார். 1199-ல் ரிச்சர்டு அம்புக் காயத்தால் இறக்கவே, ஜான் மன்னர் ஆனார்.

வரி மேல் வரி

1204-ல் பிரான்சு மன்னர் பிலிப், நார்மண்டியைக் கைப்பற்றிக் கொண்டார். அதை மீட்கப் பணம் வேண்டும். போருக்கு வராத பிரபுக்கள் அதற்கு ஈடாகப் பணம் கட்டுவது பழைய வழக்கம். எப்போதாவது வசூலித்த அந்த வரியை ஜான் அடிக்கடி வசூலித்தார், தொகையையும் உயர்த்தினார். தந்தையின் நிலம் மகனுக்குச் சேர வேண்டுமானால் பெரும் பணம். விதவை மறுமணத்துக்கு உடன்படாமல் இருக்கவும் பணம்.

வில்லியம் டி பிரவோஸ் என்ற பிரபு மன்னருக்குக் கடன்பட்டிருந்தார். மன்னரின் கோபத்துக்கும் ஆளானார். அவர் தப்பி விட்டார். மனைவி மெட்டில்டாவும் மூத்த மகனும் சிக்கினார்கள். 1210-ல் சிறையிலேயே பட்டினியால் மாண்டார்கள். மன்னரின் கோபம் ஒன்றே தீர்ப்பாக இருந்தது. பிரபுக்கள் நடுங்கினார்கள். நாளை தங்கள் வீட்டுக்கும் இதே கதி நேரலாம் அல்லவா?

ஆற்றங்கரையில்

1214-ல் பிரான்சில் ஜானின் கூட்டாளிகள் தோற்றார்கள். பணமும் போயிற்று, மானமும் போயிற்று. மறு ஆண்டு பிரபுக்கள் ஆயுதம் எடுத்தார்கள். மே 17-ந் தேதி லண்டன் நகரம் அவர்கள் கைக்குப் போனது. வேறு வழியின்றி ஜான் பேச்சுக்கு இணங்கினார். கேன்டர்பரி ஆர்ச்பிஷப் ஸ்டீபன் லாங்டன் இடையில் நின்று பேசினார்.

தேம்ஸ் நதிக்கரையில் ரன்னிமீடு என்ற புல்வெளி. 1215 ஜூன் 15-ந் தேதியிட்ட சாசனம் அங்கே பிறந்தது. மன்னர் கையெழுத்துப் போட்டதாகப் பலர் சொல்வதுண்டு. கையெழுத்து இல்லை, அரச முத்திரைதான் வைக்கப்பட்டது.

முறையான தீர்ப்பின்றி எந்தச் சுதந்திர மனிதனையும் சிறையில் அடைக்கக் கூடாது. நீதியை விற்கக் கூடாது, தாமதிக்கவும் கூடாது. நாட்டின் பொது ஆலோசனை இல்லாமல் போர் வரி கூடாது. விதவையை மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது. அதிகாரிகள் தானியம் எடுத்தால் உடனே பணம் தர வேண்டும். மன்னர் தவறினால் தட்டிக் கேட்க 25 பிரபுக்கள். இவை எல்லாம் அதில் இருந்தன. பெரும்பாலான குடியானவர்கள் அன்று பண்ணையடிமைகள். 'சுதந்திர மனிதன்' என்ற சொல்லுக்குள் அவர்கள் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பத்தே வாரம்

ஜான் வாக்கைக் காப்பாற்றவில்லை. அவர் கேட்டுக் கொண்டபடி, ஆகஸ்டு 24-ந் தேதி போப் மூன்றாம் இன்னசென்ட் சாசனம் செல்லாது என்று அறிவித்தார். உள்நாட்டுப் போர் மூண்டது. 1216 அக்டோபரில் மன்னரின் சாமான் வண்டிகள் கடலோரச் சேற்றில் மூழ்கின. சில நாளில் வயிற்றுக்கடுப்பு கண்டு நியூவார்க் கோட்டையில் ஜான் காலமானார்.

மகன் மூன்றாம் ஹென்றிக்கு வயது ஒன்பது. அவருக்காக ஆட்சியை ஏற்ற முதியவர் வில்லியம் மார்ஷல், பிரபுக்களைச் சமாதானப்படுத்த, சாசனத்தைத் திருத்தி அடுத்த மாதமே வெளியிட்டார். 1225-ல் ஹென்றி வரி கேட்டபோது மறுபடியும் சாசனத்தை உறுதி செய்து கொடுத்த பிறகே வரி கிடைத்தது. 1297-ல் அது சட்ட ஏட்டில் ஏறியது. அதன் சில விதிகள் இங்கிலாந்தில் இன்றும் சட்டமாக இருக்கின்றன.

சட்டம் வகுத்த முறைப்படி அன்றி யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கலாகாது என்கிறது நமது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு. மெட்டில்டாவுக்குக் கிடைக்காமல் போனது அந்த ஒன்றுதான்.