களம் கண்ட ஒளிப்படக் கலைஞர்

மாணவர்களே! போருக்குச் செல்லும் படையில் துப்பாக்கி ஏந்துவோர் மட்டுமே இருப்பர் என்று எண்ணுகிறீர்களா? மருத்துவர், சமையலர், ஓட்டுநர் எனப் பலரும் உடன் செல்வர். முதல் உலகப்போரின்போது, படைவீரர்களின் வாழ்வைப் பதிவு செய்வதற்கென்றே சில நாடுகள் ஓவியர்களையும் ஒளிப்படக் கலைஞர்களையும் களத்திற்கு அனுப்பின. அவர்களுள் ஒருவர் ஆஸ்திரேலியரான பிராங்க் ஹர்லி.

ஹர்லி 1885ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் சிட்னி நகரில், அச்சுத் தொழிலாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பதின்மூன்று வயதில் வீட்டைவிட்டு வெளியேறி, லித்கோ என்னும் ஊரில் இருந்த எஃகு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். ஈராண்டுகளுக்குப் பின் வீடு திரும்பி, இரவு வகுப்பில் பயின்றார். அக்காலத்தில் 15 ஷில்லிங் கொடுத்து அவர் வாங்கிய சிறிய ஒளிப்படக் கருவியே அவருடைய வாழ்வின் திசையை மாற்றியது.

1914இல் ஷாக்கிள்டன் தலைமையில் அண்டார்க்டிகாவிற்குப் புறப்பட்ட குழுவில் ஹர்லி இடம்பெற்றார். அவர்கள் சென்ற 'எண்டூரன்ஸ்' என்னும் கப்பல் பனிப்பாறைகளுக்கு இடையே சிக்கி நொறுங்கியது. அந்நாளில் படங்கள் கண்ணாடித் தகடுகளில் பதிவாயின. உறையும் நீரில் இறங்கி, மூழ்கிக் கிடந்த தகடுகளை ஹர்லி மீட்டார். எல்லாவற்றையும் சுமந்து செல்ல இயலாததால், ஏறத்தாழ 120 தகடுகளை மட்டும் வைத்துக்கொண்டு, 400 தகடுகளைத் தம் கையாலேயே உடைத்தார். குழுவினருடன் ஆளற்ற தீவொன்றில் நான்கு மாதங்களுக்கும் மேலாகத் தவித்து, 1916 ஆகஸ்டில் உயிர்மீண்டார்.

மறு ஆண்டே அவர் ஆஸ்திரேலியப் படையின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பட்டார். கௌரவ கேப்டன் என்னும் பதவியும் அளிக்கப்பட்டது. அவர் சென்ற இடம் பெல்ஜியம் நாட்டின் ஈப்பர் நகர்ப்புறம். அங்கு எட்டு வாரப் போரில் 38,000 ஆஸ்திரேலிய வீரர்கள் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்தனர். குண்டுகள் விழும் நிலத்தில், முழங்கால் புதையும் சேற்றில், கனமான கருவிகளைச் சுமந்தபடி ஹர்லி படமெடுத்தார்.

1917 அக்டோபர் 29ஆம் நாள் அவர் எடுத்த படம் ஒன்று இன்றும் புகழுடன் விளங்குகிறது. காடு என்று பெயர். ஆனால் ஓர் இலைகூட இல்லை. கரிந்த மரங்கள் குச்சிகளாய் நிற்கின்றன. சேற்றின் மீது போடப்பட்ட பலகைப் பாதையில் ஐந்து வீரர்கள் நடந்து வருகின்றனர். போரின் கொடுமையை உணர்த்த அப்படத்திற்கு ஒரு சொல்லும் தேவையில்லை.

எனினும் ஹர்லியின் மனம் நிறைவடையவில்லை. வானில் விமானம், தொலைவில் வெடிக்கும் குண்டு, அருகே பாயும் வீரர்கள் என யாவும் ஒரே நொடியில் ஒரே தகட்டில் அமைவதில்லை. எனவே பல தகடுகளின் காட்சிகளை இணைத்துக் கூட்டுப்படங்களை உருவாக்க விரும்பினார். போரின் முழு உருவத்தை மக்களுக்குக் காட்ட வேறு வழியில்லை என்பது அவர் வாதம். படையின் வரலாற்றை எழுதிவந்த சார்லஸ் பீன் இதைக் கடுமையாக எதிர்த்தார். நடந்ததை நடந்தவாறே காட்டும் படமே வருங்காலத்திற்கு உரிய சான்று. இணைத்துச் செய்த படம் பொய்யாகும் என்பது அவர் கருத்து. ஹர்லி பதவி விலகல் கடிதமே கொடுத்துவிட்டார். இறுதியில், கண்காட்சிக்காக ஆறு கூட்டுப்படங்கள் மட்டும் செய்துகொள்ள மேலிடம் இசைவளித்தது. அவரும் பணியில் தொடர்ந்தார்.

1918இல் இலண்டனில் நடந்த கண்காட்சியில், 12 தகடுகளை இணைத்து உருவாக்கிய படமொன்று ஆறு மீட்டருக்கும் கூடுதலான அகலத்தில் வைக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரிலும் ஹர்லி கருவியுடன் களம் சென்றார். 1962 சனவரி 16ஆம் நாள், தம் 76ஆம் வயதில் மறைந்தார்.

ஹர்லியின் துணிவை எவரும் ஐயுறார். ஆயினும் பீன் எழுப்பிய வினா இன்றும் நம்முன் நிற்கிறது. கைப்பேசியில் நொடிப்பொழுதில் படத்தை மாற்றிவிட இயலும் இக்காலத்தில், அழகுக்காகப் படத்தைத் திருத்துவது வேறு, சான்றாக வைக்கும் படத்தைத் திருத்துவது வேறு என்பதை நாம் மறத்தலாகாது. களத்தில் நின்ற வீரனுக்கு நாம் செலுத்தும் முதல் மரியாதை, அவன் கண்டதை மாற்றாமல் காட்டுவதே ஆகும்.

அருஞ்சொற்பொருள்

இசைவு – ஒப்புதல்
சான்று – ஆதாரம்
ஐயுறார் – சந்தேகப்படமாட்டார்
மறத்தலாகாது – மறக்கக் கூடாது

சிந்தித்து எழுதுக

1. ஹர்லி 400 தகடுகளை உடைத்தது ஏன்?
2. கூட்டுப்படம் பற்றி ஹர்லி, பீன் ஆகிய இருவரின் கருத்துகளையும் எழுதுக. உங்கள் கருத்து யாது?
3. உங்கள் வீட்டிலுள்ள பழைய ஒளிப்படம் ஒன்றைப் பெற்றோரிடம் கேட்டறிந்து, அதில் காணும் செய்திகளை ஐந்து தொடர்களில் எழுதுக.