நோய்க்கு அஞ்சாத நெஞ்சம்

சென்னை அடையாறு காந்தி நகர்ப் பக்கம் செல்லும்போது, கையில் பையும் மருத்துவச் சீட்டுமாக வெளியூர்களிலிருந்து வந்து இறங்கும் மக்களை நாம் காண்கிறோம். அவர்கள் நாடி வருவது அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை. புற்றுநோய் என்றாலே மரணம் என்று மக்கள் நடுங்கிய காலத்தில், அதற்கென ஒரு மருத்துவமனையை இங்கு எழுப்பியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். அவருடைய வாழ்க்கை நாம் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது.

அம்மையார் 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி, தாய் சந்திரம்மாள். பெண்கள் கல்லூரிப் படியேறுவதே வழக்கமில்லாத நாட்கள் அவை. ஆண்கள் படித்த மன்னர் கல்லூரியில் அவரைச் சேர்க்கக் கடும் எதிர்ப்பு எழுந்தது. புதுக்கோட்டை மன்னரின் அனுமதியால் அக்கல்லூரியின் முதல் மாணவியானார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் சிறப்புடன் பட்டம் பெற்றார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

1927இல் சென்னை சட்டசபையில் உறுப்பினராக அமர்ந்து, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் இத்தகைய சிறப்பைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. தேவதாசி முறையை ஒழிக்க அவர் தொடங்கிய போராட்டம் 1947இல் சட்டமாகக் கனிந்தது. ஆதரவற்று வந்த சிறுமியருக்காக 1930இல் ஔவை இல்லத்தைத் தொடங்கினார்.

இத்தனை பணிகளுக்கிடையே ஒரு துயரம் அவர் நெஞ்சில் ஆறாத புண்ணாக இருந்தது. அருமைத் தங்கை புற்றுநோயால் மாண்டார். டாக்டராக இருந்தும் தங்கையைக் காக்க முடியவில்லையே என்ற வேதனை, இந்நோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற உறுதியாக மாறியது. 1935இல் மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் இந்த எண்ணத்தை அவர் வெளியிட்டார். சாகப்போகிறவர்களுக்கு மருத்துவமனை எதற்கு என்று நினைத்தவர்கள் அன்று பலர். அம்மையார் தளரவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் துணையுடன் நிதி திரட்டினார். வெளிநாட்டில் பயிற்சி பெற்று வந்த மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி தோள் கொடுத்தார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள் 12 படுக்கைகளுடன் மருத்துவமனை திறக்கப்பட்டது. அப்போது அம்மையாருக்கு வயது 67!

மறு ஆண்டு மயிலாப்பூரில் பிறந்த இளம் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். அரசுப் பணி காத்திருந்தும் அதை விட்டு இந்தச் சிறிய மருத்துவமனையைத் தேர்ந்துகொண்டார். 2021ஆம் ஆண்டு ஜனவரியில் மறையும் வரை அவர் வாழ்ந்ததும் உழைத்ததும் இங்கேதான்.

இங்கு வந்தவர்களில் வாய்ப்புற்று நோயாளிகள் ஏராளம். வெற்றிலை, பாக்கு, புகையிலை போடும் பழக்கமும், பீடி, சிகரெட்டும் இதற்கு முக்கியக் காரணங்கள். புகையிலை சேர்க்காமல் போட்டாலும் பாக்கு புற்றுநோய் தரக்கூடியது என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 2004இல் உறுதிப்படுத்தியது. கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், ஈறு ஆகிய இடங்களில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டாகவோ, வலியில்லாத சிறு புண்ணாகவோ இந்நோய் தொடங்கும். வலி இல்லாததால் அலட்சியம் செய்கிறார்கள். நோயோ சும்மா இருப்பதில்லை. அருகிலுள்ள தசையையும் தாடை எலும்பையும் அரிக்கிறது. கழுத்திலுள்ள நிணநீர்க் கட்டிகளுக்குப் பரவுகிறது. பின்னர் நுரையீரல் போன்ற உறுப்புகளையும் எட்டுகிறது.

புண்ணிலிருந்து சிறு துணுக்கை எடுத்துச் சோதித்து நோயை உறுதி செய்கிறார்கள். ஆரம்ப நிலையில் அறுவைச் சிகிச்சை அல்லது கதிர்வீச்சு மட்டுமே போதுமானதாக இருக்கும், பெரும்பாலோர் குணமடைகிறார்கள். முற்றிய நிலையில் அறுவை, கதிர்வீச்சு, மருந்து ஆகியவற்றை இணைத்துப் போராட வேண்டும். கதிர்வீச்சுடன் மருந்தையும் சேர்த்து வாய்ப்புற்றுக்குச் சிகிச்சை அளிக்கும் முறையை, அடையாறு டாக்டர்கள் நம் நாட்டில் முன்னோடியாக ஆராய்ந்து பலன் கண்டனர். சாவுக்குக் காத்திருக்கும் இடமாகச் சிலர் எண்ணியது, பிழைத்து வீடு திரும்பும் இடமாயிற்று!

1956இல் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார், 1968 ஜூலை 22ஆம் நாள் மறைந்தார். 12 படுக்கைகளுடன் தொடங்கிய மருத்துவமனை இன்று பல நூறு படுக்கைகளுடன் விரிந்து நிற்கிறது.

அன்புத் தோழியரே! எல்லோராலும் மருத்துவமனை கட்ட இயலாது. ஆனால் நம் வீட்டுத் திண்ணையில் வெற்றிலை இடிக்கும் பாட்டியிடமும், புகையிலை போடும் தாத்தாவிடமும் அன்பாக எடுத்துச் சொல்ல நம்மால் இயலும். வாயில் தோன்றிய புண் மூன்று வாரம் கடந்தும் ஆறவில்லையா? வாயைத் திறக்கச் சிரமமாக இருக்கிறதா? கழுத்தில் கட்டி தெரிகிறதா? உடனே டாக்டரிடம் அழைத்துச் செல்வோம். பயத்தாலும் வெட்கத்தாலும் நோயை மறைப்பவர்களுக்குத் தைரியம் சொல்வோம். தங்கையைக் காக்க முடியாத துயரத்திலிருந்து பிறந்தது அம்மையாரின் தொண்டு. நம் வீட்டுப் பெரியவர்களைக் காக்கும் வாய்ப்போ நம் கையிலேயே இருக்கிறது. அதைத் தவற விடாதிருப்பதே அவருக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.