மதிப்பெண்ணும் மேதைமையும்

கும்பகோணத்தில் சிறுவராக இருந்தபோது, கணக்குத் தேர்வொன்றில் இராமானுஜம் 45க்கு 42 மதிப்பெண் பெற்றார். நெருங்கிய நண்பர் பெற்றதோ 43. அந்த ஒரு மதிப்பெண்ணைத் தாங்க இயலாமல், நண்பரோடு பேசவும் மறுத்து, அழுதுகொண்டே வீட்டிற்கு ஓடினார்.

1887ஆம் ஆண்டு டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்த அவரை இவ்வொப்பீடு எளிதில் விட்டுவிடவில்லை. பள்ளிப் பருவத்தில் முக்கோணவியலில் தாமே முயன்று சில முடிவுகளைக் கண்டார். அவற்றை ஆய்லர் என்னும் ஐரோப்பிய அறிஞர் 150 ஆண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டார் என்பது பின்னர்த் தெரியவந்தது. நாணமுற்ற இராமானுஜம் தம் தாள்களை வீட்டுக் கூரையில் ஒளித்து வைத்தார். துணையின்றி ஒரு சிறுவன் ஆய்லரின் முடிவை எட்டியது எத்தகைய அருஞ்செயல்! அதனை அவர் தோல்வியாகவே எண்ணினார்.

1903இல் கார் என்பவர் தொகுத்த கணித நூல் அவர் கைக்குக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான முடிவுகளைக் கொண்ட அந்நூல் நிறுவல்களை விரிவாகத் தரவில்லை. அக்குறையே அவருக்கு வாய்ப்பாயிற்று. தாமே நிறுவத் தொடங்கியவர் பிற பாடங்களை மறந்தார். கல்லூரியில் உதவித்தொகை பறிபோயிற்று, எஃப்.ஏ. தேர்விலும் தோற்றார். ஆயினும், கணக்கு நிற்கவில்லை. தாள் வாங்கப் பொருளின்றிச் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் பதிந்தார்.

1912இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். மறு ஆண்டு சனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குத் தம் முடிவுகளை அனுப்பினார். 1914இல் இங்கிலாந்து சென்றார். அவர் கண்டவற்றுள் கணிசமானவை அங்கு முன்னரே அறியப்பட்டவை. இம்முறை அவர் எதையும் ஒளிக்கவில்லை. புதியவற்றைத் தேடிச் சென்றார். 1918இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

கணித அறிஞர்களின் இயல்பான ஆற்றலை ஹார்டி ஒருமுறை மதிப்பிட்டாராம். தமக்கு 25, லிட்டில்வுட்டுக்கு 30, ஹில்பெர்ட்டுக்கு 80, இராமானுஜத்திற்கு 100.

நோயுற்று 1919இல் தாயகம் திரும்பியவர் படுக்கையிலும் எழுதினார். 1920 சனவரியில், போலித் தீட்டாச் சார்புகள் என்னும் புதிய கண்டுபிடிப்பை ஹார்டிக்கு மடலில் தெரிவித்தார். ஏப்ரல் 26 அன்று, 32 வயதில் மறைந்தார். அவ்விறுதிக் காலத்துத் தாள்கள் 1976இல்தான் கேம்பிரிட்ஜ் நூலகமொன்றில் கண்டெடுக்கப்பட்டன. அவற்றிலிருந்த முடிவுகளை நிறுவும் பணி அறிஞர்களுக்குப் பல்லாண்டுகள் நீடித்தது.